வட்டமாய் ஒரு விமானம்

(மூன்றாம் ஆண்டு, இளங்கலை வரலாறு)

“வரலாறு படிக்கும் பிள்ளைக்கு ஆகாய விமானம் எதற்கு?”

சென்ற ஓராண்டில் இந்தக் கேள்வி என் காதில் விழாத வாரம் இல்லை. பேருந்தில் உடன்வரும் நண்பர்கள் கேட்டார்கள். கரையான்சாவடி நிறுத்தத்தில் தேநீர்க் கடை வைத்திருக்கும் பெரியவர் கேட்டார். வீட்டில் ஆயா கேட்டாள். கேட்டவர் எவரும் என்மீது வெறுப்புக் கொண்டு கேட்கவில்லை; அக்கறையோடுதான் கேட்டார்கள். ஆதலின் அந்தக் கேள்விக்கு ஒழுங்காக ஒரு விடை சொல்லவேண்டிய கடமை எனக்கு உண்டு. நம் கல்லூரி ஆண்டு மலரில் எழுத இடம் கிடைத்திருக்கும் இவ்வேளையில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

என் முடிவை முதலிலேயே வைக்கிறேன். கலைக் கல்லூரியில் படிக்கும் ஒவ்வொரு மாணவனும் மாணவியும் தம் கையால் ஒரு பொருளைச் செய்து, அது இயங்குவதைத் தம் கண்ணால் காணவேண்டும். அதற்கான வாய்ப்பைக் கல்லூரியே ஏற்படுத்தித் தரவேண்டும். “அதெல்லாம் பொறியியல் கல்லூரிக்காரர் வேலை” என்று நாம் ஒதுங்கிக்கொள்வது நமக்கு நாமே இழைத்துக்கொள்ளும் தீங்கு. இது என் துணிபு. இத்துணிபுக்கு நான் வந்த வழியைக் கேளுங்கள்.

பெட்டியில் வந்த விமானம்

நாங்கள் நால்வர். நான் வரலாறு, மற்ற மூவரில் ஒருவன் இயற்பியல், ஒருவன் பொருளியல், ஒருவன் தமிழ் இலக்கியம். நால்வரும் பூந்தமல்லி, குமணன்சாவடி, கரையான்சாவடிப் பக்கத்துப் பிள்ளைகள். பள்ளி நாள்களில் மொட்டை மாடியில் காத்தாடி விட்டவர்கள். மாஞ்சா நூல் கழுத்தை அறுத்து உயிரைக் குடித்த செய்திகள் வந்தன, தடையும் வந்தது. காத்தாடியை விட்டொழித்தோம். வானத்தைப் பார்க்கும் பழக்கத்தை மட்டும் விட முடியவில்லை.

சென்ற ஆண்டு இயற்பியல் நண்பன் ஒரு படம் கொண்டுவந்து காட்டினான். ரேடியோவினால் இயக்கும் சிறிய விமானம். ஆனால் விமானத்துக்கு உரிய இலட்சணம் ஒன்றும் அதில் இல்லை. நீண்ட இறக்கை இல்லை. தனியே வால் இல்லை. வட்டமான ஒரு தகடு. முன்னே ஒரு விசிறி. பின்னே நிமிர்ந்து நிற்கும் இரண்டு சிறு துடுப்புகள். அவ்வளவே. “இது பறக்குமா?” என்றேன். “பறக்கும் என்று போட்டிருக்கிறது” என்றான். அந்த ஐயமே எங்களை இழுத்தது. வழக்கமான வடிவமாக இருந்திருந்தால் இவ்வளவு ஆவல் வந்திராது.

பணம் வேண்டுமே! ஞாயிறுகளிலும் முகூர்த்த நாள்களிலும் திருமண மண்டபங்களில் பந்தி பரிமாறப் போனோம். பொருளியல் நண்பன் கணக்கு எழுதினான். கிட், மோட்டார், வேகக் கட்டுப்பாட்டுக் கருவி, இரண்டு சர்வோ மோட்டார்கள், பாட்டரி, சார்ஜர், கையில் பிடிக்கும் ரேடியோ எல்லாம் சேர்த்து எட்டாயிரத்து எழுநூறு ரூபாய் ஆயிற்று. அதில் ஏறக்குறையப் பாதி ரேடியோவுக்கே போயிற்று. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இது ஒரு வாதமாக வரும்.

பெட்டியைத் திறந்தால் அளவாக வெட்டிய மெல்லிய நுரைத் தகடுகள், இரண்டு கரிம நாரிழைக் கம்பிகள், மோட்டாரைப் பொருத்த ஒரு பிளாஸ்டிக் தாங்கி, நான்கு பக்க ஆங்கிலக் குறிப்பு. ஒட்டினால் அறுபது சென்டிமீட்டர் விட்டமுள்ள வட்டம். அம்மா எட்டிப் பார்த்து, “என்னடா, முறத்துக்கு மோட்டார் வைக்கிறீங்களா?” என்றாள்.

முதல் நாளே ஒரு பாடம். அவசரத்தில், நொடியில் ஒட்டும் பசையை ஊற்றினோம். நுரை உருகிப் பள்ளம் விழுந்தது. அந்தப் பசை தெர்மோகோல் இனத்தைக் கரைத்துவிடும் என்பதை அன்று கற்றோம். பிறகு, காய்ந்ததும் பிடிக்கும் வெள்ளைப் பசையை வாங்கி, ஓர் இரவு முழுதும் புத்தகங்களைப் பாரமாக வைத்துக் காயவிட்டோம். பாரமாக இருந்தவை என் வரலாற்று நூல்களே. அவை அவ்வாறும் பயன்பட்டன.

வட்டம் பறக்குமா?

வரலாற்று மாணவன் அல்லவா? பசை காயும் நேரத்தில் இந்த வடிவத்தின் வரலாற்றைத் தேடினேன். வியப்பாக இருந்தது.

அமெரிக்காவில் சவுத் பெண்ட் என்ற ஊரில் கிளாய்ட் ஸ்னைடர் என்றொரு மருத்துவர் இருந்தார். கால் பாதங்களுக்கு வைத்தியம் பார்ப்பவர். செருப்புக்குள் குதிகாலுக்கு அடியில் வைக்கும் கம்பளித் துண்டு ஒன்றை அவர் ஒருநாள் விளையாட்டாக வீசினார். அது விழாமல் மிதந்து போயிற்று. “இவ்வடிவம் ஏன் இறக்கை ஆகக்கூடாது?” என்று எண்ணினார். 1930களின் முற்பகுதியில் அந்தக் குதிகால் வடிவத்திலேயே ‘அரப்’ என்ற விமான வரிசையைச் செய்து, மனிதர் ஏறிப் பறக்கவும் வைத்தார்.

அடுத்து சார்லஸ் ஜிம்மர்மன் என்ற பொறியாளர். அவர் வடிவமைத்த வாட் வி-173 என்ற விமானம் ஏறக்குறைய வட்டமானது. 1942 நவம்பர் 23ஆம் நாள் அது முதன்முதலாகப் பறந்தது. அமெரிக்கர் அதற்கு வைத்த செல்லப்பெயரை நம் வீட்டுச் சொல்லில் ‘பறக்கும் தோசை’ எனலாம். அட்லாண்டிக் கடலைத் தனியாளாகக் கடந்த சார்லஸ் லிண்ட்பெர்க் கூட அதை ஓட்டிப் பார்த்தார். அதன் வழியில் உலோகத்தால் ஒரு போர் விமானமும் செய்தார்கள். ஆனால் அதற்குள் ஜெட் யுகம் வந்துவிட்டது. 1947இல் அத்திட்டத்தைக் கைவிட்டார்கள்.

வட்ட இறக்கையின் குணம் என்ன? இறக்கையின் கீழே காற்றழுத்தம் மிகுதி; மேலே குறைவு. ஓரங்களில் கீழ்க்காற்று மேல்நோக்கிச் சுருண்டு வழியும். இறக்கை நீளமாக இருந்தால் இந்த வழிதலின் பாதிப்புக் குறைவு. குட்டையாக இருந்தால் அதிகம். ஆதலின் வட்ட இறக்கை காற்றின் இழுவையால் அதிகச் சக்தியைத் தின்னும். இது அதன் குறை. ஜிம்மர்மன் இரண்டு விசிறிகளையும் இறக்கையின் ஓரங்களில் வைத்து, காற்று சுருளும் திசைக்கு எதிராகச் சுழலவிட்டு இக்குறையைக் குறைக்கப் பார்த்தார். நிறையும் ஒன்று உண்டு. சாதாரண இறக்கை சுமார் பதினைந்து பாகைக்கு மேல் மூக்கைத் தூக்கினால் பிடிப்பை இழந்து விழும். வட்ட இறக்கையோ முப்பது பாகைக்கு மேலும் தாக்குப்பிடிக்கும். மெல்லப் பறக்கும், மெல்ல இறங்கும். குறையில்லாத வடிவம் எதுவும் இல்லை. ஒன்றைக் கொடுத்து ஒன்றைப் பெறுகிறோம்.

‘விசித்திர வடிவம்’ என்று நாம் சொல்வதே பழக்கத்தால் வந்த சொல்தான். 1903 டிசம்பர் 17ஆம் நாள் பன்னிரண்டு நொடிகள் பறந்த ரைட் சகோதரர் விமானத்தில் ஏற்ற இறக்கத்துக்கான சிறகு பின்னால் இல்லை, முன்னால் இருந்தது. பின்வந்தோர் அதைப் பின்னால் மாற்றினர். முன்னால் இருப்பது விசித்திரம் ஆயிற்று. 1986இல் எரிபொருள் நிரப்பாமல் உலகைச் சுற்றிவந்த வாயேஜர் விமானத்தில் பர்ட் ரூட்டன் மீண்டும் சிறகை முன்னே வைத்தார். அவருடைய லாங்-இஸி என்னும் விமானம் தனி மனிதர் தம் வீட்டுக் கொட்டகையிலேயே கட்டிக்கொள்ளத்தக்கது. பெங்களூரில் உள்ள நம் தேசிய விமானவியல் ஆய்வகமே அவ்வடிவத்தில் ஒன்றைக் கட்டி 1987இல் பறக்கவிட்டது. இழையும் பிசினும் சேர்ந்த கூட்டுப்பொருளால் விமானம் கட்டும் பயிற்சி அதில் கிடைத்தது. பிற்பாடு 1993இல் பறந்த ‘ஹன்சா’ பயிற்சி விமானத்துக்கு அது உதவிற்று. 2001 ஜனவரி 4ஆம் நாள் முதலில் பறந்த நம் தேஜஸ் போர் விமானத்துக்கும் கிடைமட்ட வால் கிடையாது. முக்கோண இறக்கைதான். இன்று அதை யார் விசித்திரம் என்கிறார்கள்?

சுண்டுவிரல் அகலம்

எங்கள் கதைக்கு வருகிறேன்.

என் தந்தையார் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் ஒரு சிறு பட்டறையில் இருபத்திரண்டு ஆண்டுகள் லேத் ஓட்டியவர். பட்டறை மூடப்பட்டது. இப்போது போரூர்ப் பக்கம் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் இரவுக் காவல் பார்க்கிறார். கல்லூரியில் சேரும்போது விண்ணப்பத்தில் ‘தந்தை தொழில்’ என்ற இடத்தில் நான் ‘தனியார் பணி’ என்று எழுதினேன். ஏன் அப்படி எழுதினேன் என்று அப்போது யோசிக்கவில்லை.

விமானம் முடிந்த அன்று காலை அவர் வேலை முடிந்து வந்தார். சட்டையைக்கூடக் கழற்றாமல் அதைத் தூக்கி, வட்டத்தின் அடியில் இரு பக்கமும் இரண்டு ஆட்காட்டி விரல்களை வைத்து நிறுத்திப் பார்த்தார்.

“பின்னாடி கனமா இருக்குடா.”

“இல்லப்பா, தாள்ல படம் போட்டிருக்கிற மாதிரியேதான் வச்சிருக்கோம்.”

“படம் என்னா வேணா போடும். காத்தாடிக்கு சூத்திரம் தப்பாப் போட்டா என்னா ஆவும்? அதேதான் இதுக்கும்.”

நான் சிரித்துக்கொண்டேன். லேத் ஓட்டியவருக்கு விமானத்தைப் பற்றி என்ன தெரியும் என்ற எண்ணம்தான். மறைக்காமல் சொல்கிறேன்.

பொங்கல் கழிந்து, திருவள்ளூருக்கு அப்பால் அறுவடை முடிந்த ஒரு வயலில், நிலத்துக்காரரிடம் கேட்டுக்கொண்டு, ஞாயிறு விடியற்காலையில் போய் நின்றோம். காற்றே இல்லை. நண்பன் கையால் வீசினான். விமானம் மூக்கைத் தூக்கிற்று, ஒரு கணம் நின்றது, மல்லாந்தது, விழுந்தது. மொத்தம் மூன்று நொடி. மோட்டார்த் தாங்கி இரண்டு துண்டு.

வீட்டில் அளந்து பார்த்தோம். முன் விளிம்பிலிருந்து பதினைந்து சென்டிமீட்டரில் எடை சமநிலை அமையவேண்டும் என்று தாளின் மூன்றாம் பக்கத்தில் அச்சிட்டிருந்தது. எங்களுடையது பதினாறரையில் இருந்தது. காசு மிச்சம் பிடிக்கச் சிறிய பாட்டரி வாங்கியிருந்தோம். அது இலேசாக இருந்ததால் முன்பக்கம் கனம் குறைந்துவிட்டது. வித்தியாசம் ஒன்றரை சென்டிமீட்டர். ஒரு சுண்டுவிரல் அகலம். அந்தச் சுண்டுவிரலை என் தந்தையார் இரண்டு விரல்களால் கண்டுபிடித்தார். புவியீர்ப்பு மையத்துக்கு வரையறை சொல்லத் தெரிந்தவன் எங்களில் ஒருவன் இருந்தான். விரலை வைத்துப் பார்த்தவர் அவர் ஒருவரே.

உடைந்த தாங்கியை அவர் வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். மறுநாள் பழைய நண்பர் ஒருவரின் பட்டறைக்குப் போனார். நானும் உடன் போனேன். கழிவாகக் கிடந்த அலுமினியத் துண்டு ஒன்றை லேத்தில் பூட்டினார். அவர் லேத்தின் முன் நின்று நான் பார்த்தது அதுவே முதல் தடவை. இரண்டு மணி நேரத்தில் தாங்கி தயாராயிற்று. நான்கு துளையும் நூல் பிடித்தாற்போல் இருந்தன. பிளாஸ்டிக்கைவிட ஐந்து கிராம் கனம் கூடுதல். அதுவும் மூக்குக்கு நன்மையே. பாட்டரியை ஐந்து சென்டிமீட்டர் முன்னே நகர்த்தி, மூக்கில் இரண்டு சிறு நட்டுகளைச் சேர்த்தோம். விரல்களின்மேல் விமானம் மட்டமாக நின்றது.

பிப்ரவரியில் மறுபடி அதே வயல். இரவுப் பணி முடிந்து தந்தையாரும் வந்தார். இம்முறை விமானம் கையைவிட்டு நழுவி நேராகப் போயிற்று; பிறகு ஏறிற்று. பின்விளிம்பில் உள்ள இரண்டு மடிப்புகளும் ஒன்றாக உயர்ந்தால் ஏறும். ஒன்று உயர்ந்து ஒன்று தாழ்ந்தால் சாயும். சைக்கிளில் விரைந்து போகிறவன் வேகம்தான் இருக்கும். வயலைச் சுற்றி நான்கு நிமிடம் பறந்தது. ஊர்ப் பிள்ளைகள் “அப்பளம்! அப்பளம்!” என்று கூவிக்கொண்டு வரப்பில் ஓடினார்கள். எங்கள் விமானத்தின் பெயர் அன்றுமுதல் அதுதான்.

ஆட்டை ஓட்டிக்கொண்டு வந்த மூதாட்டி ஒருவர் நின்று பார்த்தார். “இது எதுக்குப்பா ஆவும்?” என்று கேட்டார். எனக்கு வாய் வரவில்லை. தந்தையார்தான், “பசங்க கத்துக்கிறாங்கம்மா” என்றார். “அப்போ சரி” என்று அவர் ஆட்டைப் பார்க்கப் போய்விட்டார்.

ஏடும் கையும்

அந்தச் சிறு உரையாடலில் அடங்கியதைத்தான் நான் விரித்துச் சொல்ல முயல்கிறேன்.

நம் நாட்டில் படிப்பு வேறு, கைத்தொழில் வேறு என்று நெடுங்காலமாகப் பிரித்து வைத்திருக்கிறோம். படித்தவன் கையில் எண்ணெய்க் கறை படியக்கூடாது. கறை படிந்த கைக்காரனுக்குப் படிப்பு வராது. இப்படி ஒரு நம்பிக்கை நம் எலும்பில் ஊறியிருக்கிறது. எங்களைப் போன்று குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்த பிள்ளைகளிடம் இது செய்யும் கேடு பெரிது. பட்டம் வாங்கும் வழியில் பெற்றோரின் அறிவை நாமே குறைவாக மதிக்கக் கற்றுக்கொள்கிறோம். ‘தனியார் பணி’ என்று நான் எழுதியது அதனால்தான்.

சென்னை வானூர்தி வரலாறே இதற்கு மாறான சான்று தருகிறது. 1910இல் மவுண்ட் ரோட்டில் ஓட்டல் நடத்திவந்த ஜியாகோமோ டி ஏஞ்சலிஸ் என்பவர் பல்லாவரத்தில் விமானம் பறக்கவிட்டார். அவர் பொறியாளர் அல்லர்; விடுதிக்காரர். அதைக் கட்டித் தந்தது சிம்ப்சன் நிறுவனம். குதிரை வண்டிகளுக்குக் கூண்டு கட்டிப் பழகிய தொழிலாளர்களைக் கொண்ட நிறுவனம். ஏஞ்சலிஸின் பெயர் நிலைத்துவிட்டது. மரத்தை இழைத்த கைகளுக்குப் பெயர் இல்லை. வரலாறு படிப்பவன் என்ற முறையில் இது என்னை உறுத்துகிறது. பல்லாவரம் நம் பக்கத்து ஊர்தான் என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

ரைட் சகோதரர் இருவரும் கல்லூரி வாசலை மிதித்தவர்கள் அல்லர், சைக்கிள் கடைக்காரர். 1878இல் அவர்கள் தந்தை வாங்கிவந்த, ரப்பர் முறுக்கால் மேலெழும் ஒரு பொம்மையே தங்கள் ஆர்வத்தின் வித்து என்று பின்னாளில் சொன்னார்கள். நம் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யின் ‘தக்ஷா’ குழு 2018இல் ஆஸ்திரேலியாவில் நடந்த ஆளில்லா விமானப் போட்டியில் இரண்டாம் இடம் பெற்றது. அக்குழுவுக்கு ஆலோசகராக இருந்தவர் நடிகர் அஜித்குமார். அவரும் பொறியாளர் அல்லர். சிறு விமானங்களைப் பறக்கவிடுவதில் ஊறியவர். அப்துல் கலாம் அவர்களும் எம்.ஐ.டி.க்குப் போகுமுன் திருச்சி புனித ஜோசப் கல்லூரியில் இயற்பியல் படித்தவரே. ஆர்வத்துக்குத் துறைச் சுவர் இல்லை. சுவர் கட்டுவது நாம்.

மறுப்புகளுக்கு விடை

என் கருத்தை மறுப்பவர்கள் சொல்வனவற்றையும் நேர்மையாக எடுத்துக்கொள்கிறேன்.

ஒன்று: “கிட் வாங்கி ஒட்டுவது என்ன பெரிய கல்வி? எல்லாம் வெட்டித் தந்துவிடுகிறார்களே!” ஒருவகையில் உண்மை. ஆனால் பெட்டியில் துண்டுகள்தாம் வருகின்றன; சமநிலை வருவதில்லை. அதை நாமே தேடவேண்டும். தேர்வுத் தாளில் தவறான விடை எழுதினால் மதிப்பெண் குறையும், அவ்வளவுதான். விமானமோ தவறை மூன்று நொடியில், எவர் முகத்தையும் பாராமல், தரையில் போட்டுக் காட்டும். எஸ்.எல்.வி.-3 ஏவூர்தி 1979 ஆகஸ்டில் வங்கக் கடலில் விழுந்தது. 1980 ஜூலையில் அடுத்தது செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் சேர்த்தது. விழுந்ததைப் பொறுக்கி எடுத்து, ஏன் விழுந்தது என்று கேட்கும் குணம் எந்தப் படிப்புக்கும் தேவை. வரலாற்றுச் சான்றுகளைத் துருவுவதும் அதே குணத்தால்தான்.

இரண்டு: “ஏழைப் பிள்ளைகளுக்கு இவ்வளவு செலவு எதற்கு?” இங்கேதான் முன்பு சொன்ன கணக்கு வருகிறது. செலவில் பாதி ரேடியோ. அது உடைவதில்லை, ஒன்று வாங்கினால் பல ஆண்டு மாணவர்கள் மாற்றி மாற்றிப் பயன்படுத்தலாம். மோட்டாரும் அப்படியே. விழுந்து உடைவது நுரைத் தகடு. அதைத் தெர்மோகோல் வாங்கி நாமே வெட்டிக்கொள்ளலாம். நால்வர் தனித்துச் செய்தால் ஆடம்பரம். கல்லூரி செய்தால் சிக்கனம்.

மூன்று: “ஆபத்து அல்லவா? சட்டம் அனுமதிக்குமா?” இது நியாயமான கேள்வி. சுழலும் விசிறி விரலை வெட்டும். லித்தியம் பாட்டரியை அளவுக்கு மீறிச் சார்ஜ் செய்தால் தீப்பிடிக்கும். ஒரு செல்லுக்கு 4.2 வோல்ட்டைத் தாண்டக்கூடாது. சட்டம் என்றால் 2021ஆம் ஆண்டின் ட்ரோன் விதிகள் இருக்கின்றன. இரண்டு கிலோவுக்கு உட்பட்டதை வணிக நோக்கமின்றிப் பறக்கவிட ஓட்டுநர் உரிமம் தேவையில்லை என்கின்றன அவ்விதிகள். ஆனால் எங்கு வேண்டுமானாலும் பறக்கவிடலாம் என்று பொருள் அன்று. கரையான்சாவடியிலிருந்து மீனம்பாக்கம் விமான நிலையம் நேர்க்கோட்டில் பத்து கிலோமீட்டருக்குள்தான். மறுபக்கம் ஆவடியில் பாதுகாப்புத் துறையின் இடங்கள். எனவேதான் வீட்டு மாடியை விட்டு, அரசின் வான்வெளி வரைபடத்தைப் பார்த்துக்கொண்டு, அவ்வளவு தொலைவு போனோம். மாஞ்சா நூலை எவனோ கண்மூடி விட்டதால் எவரோ செத்தார். அந்தப் பொறுப்பின்மையை மறுபடி செய்யக்கூடாது. இதைச் சொல்லிக்கொடுக்கவும் கல்லூரிதான் வேண்டும்.

நான்கு: “இதனால் வேலை கிடைக்குமா?” தெரிந்தே பொய் சொல்ல மாட்டேன். ஒரு நுரை விமானம் எவருக்கும் வேலை வாங்கித் தராது. ஆனால் நேர்முகத் தேர்வில் “நீ என்ன செய்திருக்கிறாய்?” என்று கேட்டால், “படித்திருக்கிறேன்” என்பதோடு “செய்திருக்கிறேன்” என்றும் ஒருவன் சொல்லலாம். அதை நிமிர்ந்து உட்கார்ந்து சொல்வான்.

என் வேண்டுகோள்

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. நம் கல்லூரியில் ஓர் அறை, ஒரு ரேடியோ, இரண்டு மோட்டார், கொஞ்சம் தெர்மோகோல், நல்ல கத்திகள். மாதத்தில் ஒரு சனிக்கிழமை. எத்துறை மாணவரும் வரலாம் என்ற அறிவிப்பு. தேசிய மாணவர் படையின் விமானப் பிரிவில் மாதிரி விமானப் பயிற்சி பாடமாகவே உண்டு. அப்பிரிவு இல்லாத கல்லூரியில் நாமே ஒரு மன்றம் தொடங்கத் தடை என்ன? கைப்பணி தெரிந்த பெற்றோரையும் அங்கே அழைக்கவேண்டும் என்பது என் தனி வேண்டுகோள். தச்சர், தையற்காரர், லேத் தொழிலாளர், வெல்டிங் செய்பவர் என்று நம் மாணவர்களின் வீடுகளில் எத்தனை ஆசிரியர்கள் இருக்கிறார்கள்! அவர்களைக் கல்லூரி வாசலுக்கு வெளியே நிறுத்திவைத்துவிட்டுக் கல்வியைப் பற்றிப் பேசுவது பொருந்துமா?

சென்ற மாதம் உதவித்தொகை விண்ணப்பம் ஒன்றை நிரப்பினேன். ‘தந்தை தொழில்’ என்ற இடத்தில் ‘லேத் தொழிலாளர் (முன்பு), இரவுக் காவலர் (இப்போது)’ என்று எழுதினேன். இடம் போதவில்லை, எழுத்தைச் சிறிதாக்கி எழுதினேன்.

ஆயாவுக்கும், தேநீர்க் கடைப் பெரியவருக்கும், பேருந்து நண்பர்களுக்கும் இதுவே என் விடை. வரலாறு படிக்கும் பிள்ளைக்கு விமானம் எதற்கு என்றால், வரலாற்றைச் செய்தவர்களின் கைகளை அறிந்துகொள்வதற்கு. ‘அப்பளம்’ இப்போது எங்கள் வீட்டுப் பரணில் இருக்கிறது. மன்றம் தொடங்கினால் முதல் பொருளாக அதைக் கொண்டுவந்து தர நாங்கள் நால்வரும் காத்திருக்கிறோம்.